கள்ளுக்கடை (நாஞ்சில் நாடு)

கள்ளுக்கடை, பனை அல்லது தென்னையின் பாளையிலிருந்து இறக்கி இயல்பாக நொதித்த கள்ளை, அதற்கெனச் சமைத்த கறிகளுடன் அங்கேயே அமர்ந்து உண்டு குடிக்கும்படி விற்கும் கடை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் திருவிதாங்கூர் அரசின் காலத்திலும், தமிழ்நாட்டுடன் இணைந்தபின் மதுவிலக்கு தளர்ந்த சில ஆண்டுகளிலும் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்கின. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் விற்பனைக்குத் தடை உள்ளது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமம் பெற்று இன்றும் நடக்கின்றன.

நிலப்பகுதி

நாஞ்சில் நாடு என்பது மரபாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் குறிக்கும். கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அதன் மேற்கே உள்ளன. இந்த நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று அவை கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

நாஞ்சில் நாட்டின் உட்பகுதி குளங்களால் பாசனம் பெறும் நெல்வயல்களைக் கொண்டது. கடலை ஒட்டிய செம்மண் மேட்டு நிலங்களில் பனை வளர்ந்தது. மேற்கு வட்டங்களில் தென்னையும் பனையும் கலந்த தோட்டங்கள் இருந்தன. இத்தோட்டங்களை இவ்வட்டாரத்தில் விளை என்பார்கள். பல ஊர்ப்பெயர்கள் விளை என முடிவது இதனால்தான்.

பழைய சான்றுகள்

கள்ளும் அதனுடன் உண்ணும் உணவும் ஒரே இடத்தில் விற்கப்பட்டதைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துக் கள் விற்கும் இடத்தின் முற்றத்தில் மீனும் இறைச்சியும் அறுத்துப் பொரிக்கப்படுகின்றன. கள் விற்பனையை அறிவிக்க அங்கே கொடி பறக்கிறது.

அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படை, அரிசியிலிருந்து வீட்டில் கள் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, அதில் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, சாடியில் முதிரச் செய்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அதைச் சுட்ட மீனுடன் விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். தானியத்தை நொதிக்கவைத்துச் செய்யும் இந்தப் பானம் பீருக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டில் இம்முறை பின்னர் மறைந்தது. மரத்திலிருந்து நேரடியாக இறக்கும் கள் நிலைத்தது.

கள்ளுக்கு எதிரான மரபும் அதே அளவுக்குப் பழையது. திருக்குறளில் கள்ளுண்ணாமை ஒரு தனி அதிகாரம்.

அக்கானியும் கள்ளும்

பாளையிலிருந்து வடியும் சாறு நொதிக்காத நிலையில் தமிழகத்தின் பிற பகுதிகளில் பதநீர் எனப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதன் பெயர் அக்கானி. நொதித்தால் அது கள். இரண்டும் ஒரே மரத்தின் ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு.

பனையில் ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் சாறு இறக்கலாம். ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். பனையேறி இளம்பாளையைக் கட்டி, கடிப்பு என்னும் மரக்கருவியால் சில நாட்கள் தொடர்ந்து இடுக்கி நசுக்குவார். பிறகு பாளை நுனியை மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் நுனியைப் புதிதாகச் சீவினால்தான் சாறு தொடர்ந்து வடியும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே பருவம் தொடங்கிவிட்டால் பனையேறிக்கு விடுமுறை நாள் இல்லை. தென்னையில் பாளையைக் கட்டி மெதுவாகத் தட்டிப் பதப்படுத்துவார்கள். பனையின் பருவம் தை, மாசியில் தொடங்கிக் கோடை முடியும்வரை நீளும். தென்னையில் ஆண்டு முழுவதும் இறக்கலாம்.

வடியும்போது சாறு தெளிந்த இனிப்பு நீர். அதிலுள்ள சர்க்கரை பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையின் வகையான சுக்ரோஸ். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சாறு விழுந்த உடனேயே வேலையைத் தொடங்குகின்றன. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைக் கொடுக்கின்றன. கள்ளின் வெண்மை அதில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்களால் வருவது. நுரை கரியமில வாயுவால் வருவது.

கலயத்தில் சுண்ணாம்பு பூசினால் சாற்றின் காரத்தன்மை உயர்ந்து நுண்ணுயிர்கள் வளர்வது தடைபடுகிறது. சாறு இனிப்பாகவே நிற்கிறது. இதுவே அக்கானி. இதைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பார்கள், அல்லது காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள்.

சுண்ணாம்பு பூசிய கலயம் வீட்டு அடுப்புக்குப் போனது. அதைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பல மணிநேரம் தீயின் முன் நின்று கிண்டிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது அவர்கள் வேலை. விறகு தேடுவதும் அவர்கள் பொறுப்பு. சுண்ணாம்பு பூசாத கலயம் கடைக்குப் போனது. அதற்கு விறகும் வேண்டாம், காய்ச்ச ஆளும் வேண்டாம், அன்றே பணம் கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் வீட்டுக்கு வராமல் கடையிலேயே செலவாகிவிடவும் கூடும். கள்ளுக்கடையைப் பற்றிய பிற்கால விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் இந்த வேறுபாடு உள்ளது.

கள்ளின் ஆயுள்

கள் ஒரே நாளில் பல நிலைகளைக் கடக்கிறது. காலையில் இறக்கிய கள் இனிப்பு மிகுந்தும் மென்மையாகவும் இருக்கும். பிற்பகலில் இனிப்புக் குறைந்து வேகம் கூடும். மறுநாள் புளிப்பு முந்தும். பிறகு அசிட்டிக் அமிலம் பெருகிக் காடியாகிவிடும். இந்தக் காடியே மீனும் இறைச்சியும் சமைக்கப் பயன்படும் கள்ளுக்காடி. கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். இது ஏறக்குறைய பீரின் அளவு. தென்னங்கள்ளில் இது மேலும் உயரலாம்.

நொதித்தல் நிற்காததால் கள்ளை மூடிய புட்டியில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்ப முடியாது. அடைத்தால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றால் அடைக்கலாம், ஆனால் சுவை மாறிவிடும். எனவே கள், மரத்துக்கு அருகிலேயே, இறக்கிய நாளிலேயே குடிக்கவேண்டிய பானமாக இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் அதற்குரிய விளைகளும் பனையேறிகளும் இருந்ததன் காரணம் இது.

இன்று பெங்களூர் போன்ற நகரங்களில் தங்கள் கூடத்திலேயே பீர் வடித்து உணவுடன் பரிமாறும் விடுதிகள் உள்ளன. பெங்களூர் இந்திரா நகரில் 2010-ல் தொடங்கிய டாய்ட் அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறெடுத்து, ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து, சில வாரங்கள் தொட்டியில் வைத்திருந்து அங்கே பரிமாறுகிறார்கள். வடித்த இடத்திலேயே குடிப்பதும், அதற்கேற்ற உணவு அருகில் இருப்பதும் அங்கே புதுமையாகக் கருதப்படுகின்றன. கள்ளுக்கடையில் இவை இரண்டும் பானத்தின் இயல்பாலேயே அமைந்தவை.

கடையின் அமைப்பு

நாஞ்சில் நாட்டுக் கள்ளுக்கடை பொதுவாக ஓலை வேய்ந்த கொட்டகை. ஊரின் நடுவில் இல்லாமல் விளை ஓரத்திலோ வயலுக்குச் செல்லும் பாதையிலோ இருக்கும். உள்ளே மரப்பெஞ்சுகள், ஒரு மூலையில் கள் நிறைந்த பானைகள், மறுபுறம் அடுப்பு. வயல்வேலையும் சுமைவேலையும் முடித்து வருபவர்கள் மாலையில் கூடினார்கள். கூலிபெறும் நாளில் கூட்டம் மிகும். வீட்டிலிருந்து பாத்திரம் கொடுத்துவிட்டுக் கள் வாங்குவதும் உண்டு. ஆப்பமாவைப் புளிக்கவைக்கச் சிறிதளவு கள் வேண்டும் என்பதால் கள் குடிக்காத வீடுகளுக்கும் கள்ளுக்கடையுடன் தொடர்பு இருந்தது. தடைக்குப் பிறகு அந்த இடத்தைச் சர்க்கரை கலந்த தேங்காய்த் தண்ணீரும் கடை ஈஸ்ட்டும் எடுத்துக்கொண்டன.

தொடுகறி

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியை நாஞ்சில் நாட்டில் தொடுகறி என்பார்கள். கள்ளுக்கடையில் கள்ளுக்குத் தொடுகறி இருந்தது. கள்ளின் இனிப்பும் மென்புளிப்பும் காரத்தைத் தாங்குபவை. எனவே கடைக்கறியில் மிளகாயும் புளியும் வீட்டுக் கறியைவிடத் தூக்கலாக இருக்கும்.

கடைக்கு அடிப்படையான உணவு மரச்சீனிக் கிழங்கு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரவலாகப் பயிரிடச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆட்சிசெய்த விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி வாங்க இயலாதவர்களின் உணவாக அது நிலைபெற்றது. அவித்த கிழங்கு, அல்லது தேங்காயும் மிளகாயும் சேர்த்து மயக்கிய கிழங்கு, கூடவே மீன். இது வயிற்றை நிரப்பும் முழு உணவு. வெறும் வயிற்றில் குடிப்பதன் கேட்டையும் இது ஓரளவு தடுத்தது.

கன்னியாகுமரிக் கடற்கரை அருகில் இருப்பதால் சாளை, நெத்திலி, அயிலை ஆகிய மலிவான மீன்கள் உட்பகுதிக்கும் நாள்தோறும் வந்தன. தேங்காய் அரைத்து மாங்காய் போட்டுக் கெட்டியாக வைக்கும் புளிமுளம், நெத்திலி அவியல், கருவாடு சுட்டது, அவித்த முட்டை, கடலைச் சுண்டல் ஆகியவை இவ்வட்டாரச் சமையலில் கள்ளுக்கு இயைந்தவை. மேற்கு வட்டங்களில் குடம்புளி சேர்த்த மீன்கறி மிகுதி. குடம்புளி மீன்கறியைக் கெடாமல் வைக்கும் என்பதால் முந்தைய நாள் வைத்த கறி மறுநாளும் விற்கும். பழகியவர்களுக்கு மறுநாள் கறியே விருப்பமானது.

திருவிதாங்கூர் காலம்

கள், சாராயம் ஆகியவற்றின் வரி அப்காரி எனப்பட்டது. திருவிதாங்கூர் அரசின் முக்கியமான வருவாய்களில் அதுவும் ஒன்று. கடை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் ஒருவர், பனை உடைமையாளர் வேறொருவர், ஏறுபவர் மற்றொருவர் என்ற நிலையே பெரும்பாலும் இருந்தது. பல இடங்களில் சாறு ஒருநாள் ஏறுபவருக்கு, மறுநாள் உடைமையாளருக்கு என முறைவைத்துப் பகிரப்பட்டது.

பனையேறியின் வேலை உயிராபத்து மிகுந்தது. 60 அடிக்கு மேல் உயர்ந்த மரத்தில், காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மார்பை மரத்தில் அணைத்து, நாளுக்கு இருமுறை ஒவ்வொரு மரத்திலும் ஏறவேண்டும். ஒருவர் 30 மரங்களுக்கு மேல் பார்ப்பது வழக்கம். மார்பிலும் கைகளிலும் காய்ப்பு விழுந்திருக்கும். மழையில் வழுக்கி விழுந்து இறந்தவர்களும் இடுப்பு முறிந்து படுத்தவர்களும் இல்லாத பனையேறும் ஊர் அரிது.

இந்த உழைப்பைச் செய்தவர்கள் நாடார், ஈழவர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். திருவிதாங்கூரில் அவர்கள்மீது தலைவரி, ஏணிக்காணம் போன்ற வரிகள் இருந்தன. ஏணிக்காணம் மரமேறும் ஏணிக்கு விதித்த வரி. ஊதியமில்லாமல் அரசுக்கு வேலை செய்யும் ஊழியமும் இருந்தது. சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809-1851) இந்த வரிகளுக்கும் ஊழியத்துக்கும் எதிராக எழுந்த இயக்கத்தின் மையமாக இருந்தார்.

பனையேறும் சமூகங்களின் எழுச்சி கள்ளிலிருந்து விலகுவதையும் உட்கொண்டிருந்தது. லண்டன் மிஷன் திருச்சபையினர் மதுவை விலக்கும்படி போதித்தனர். மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குரு 1921-ல் மது செய்வதையும் கொடுப்பதையும் குடிப்பதையும் கைவிடும்படி தம்மைப் பின்பற்றியவர்களுக்கு அறிவுறுத்தினார். அவர் பிறந்த ஈழவ சமூகத்தின் மரபுத் தொழில்களில் ஒன்று கள்ளிறக்குதல். தொழிலின் இழிவு என்று பிறர் சுமத்தியதிலிருந்து விடுபடுவதும், வருமானத்தைக் குடும்பத்துக்கும் கல்விக்கும் திருப்புவதும் அந்த அறிவுரையின் நோக்கங்கள்.

மதுவிலக்கு

ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் இணைந்தது மதுவிலக்கு நடைமுறையில் இருந்த ஒரு மாநிலத்துடன்.

1971-ல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்பட்டு, 1973-74-ல் மீண்டும் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. அதே அரசு 1987 ஜனவரி 1 முதல் கள்ளையும் சாராயத்தையும் தடைசெய்தது. இந்திய ஆலைகளில் செய்யப்படும் பிராந்தி, விஸ்கி, ரம், பீர் ஆகியவற்றின் விற்பனை தொடர்ந்தது. அவற்றின் மொத்த விற்பனைக்காக 1983-ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003-ல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது.

இதன் விளைவாகச் சட்டத்தின் கோடும் சுண்ணாம்பின்மீது விழுந்தது. அக்கானி இறக்கலாம், கள் இறக்கக் கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்து சாறு நொதித்துவிட்டால் அது வழக்குக்குரிய பொருளாகிவிடும். சுண்ணாம்பு மிகுந்தால் கருப்பட்டியின் சுவையும் நிறமும் கெடும். இரண்டுக்கும் இடையே பதம் பார்ப்பது பனையேறியின் அன்றாடக் கவலைகளில் ஒன்றாயிற்று.

எல்லைக்கு அப்பால்

கேரளம் 1996 ஏப்ரல் 1 அன்று சாராயத்தைத் தடைசெய்தது. கள்ளை அனுமதித்தது. அங்கே கள் விற்பனை அப்காரிச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. அது கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது பொ.யு. 1902-ஐ ஒட்டி, கொச்சி அரசு இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. கள்ளிறக்கும் தொழிலாளர்களுக்கு நலநிதிச் சட்டம் 1969 முதல் உள்ளது. களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம். கன்னியாகுமரி மாவட்டத்தவர் சட்டப்படி கள் குடிக்கவேண்டுமென்றால் எல்லையைக் கடக்கவேண்டும்.

கேரளக் கள்ளுக்கடையை அதன் பலகையைக் கொண்டு அறியலாம். பலகையில் பெரிய எழுத்தில் கள் என்று மலையாளத்தில் எழுதி, கடையின் எண்ணைக் குறித்திருப்பார்கள். உள்ளே சிறிய அறைகளாகத் தடுத்திருப்பது வழக்கம். கள் கண்ணாடிப் புட்டிகளில் வரும். இளங்கள், அந்திக்கள், மூத்த கள் எனக் கேட்டு வாங்கலாம். புதியவர்களுக்குக் காலையில் இறக்கிய இளங்கள்ளே ஏற்றது. அதன் இனிப்பை நம்பி விரைவாகக் குடித்தால் வேகம் பின்னால் வரும்.

கறிகளைக் கடைக்காரர் வாய்ப்பாடாகச் சொல்வார். கப்பைக்கிழங்கும் மீன்கறியும், வாத்துக்கறி, கரிமீன், நண்டு, மாட்டிறைச்சி உலர்த்தியது ஆகியவை பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். இந்தச் சமையல் ஷாப்புக்கறி என்ற பெயரில் தனிவகையாகிவிட்டது. எர்ணாகுளம் மாவட்டம் உதயம்பேரூரில் உள்ள முல்லப்பந்தல் போன்ற கடைகளுக்குக் குடும்பத்துடன் உணவுக்காக மட்டும் வருபவர்கள் மிகுதி. கள் குடிக்காமல் கறி மட்டும் உண்டு செல்வது அங்கே இயல்பானது.

யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடையைத் தவறணை என்பார்கள். ஐரோப்பிய மொழிகளில் மதுக்கடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். 1970-களில் அங்கே சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. கள் விற்பனை ஏலதாரர்களிடமிருந்து தொழிலாளர்களின் சங்கங்களுக்கு மாறியது. மிகுதிக் கள்ளைப் பதப்படுத்திப் புட்டியில் அடைக்கவும் வடித்துச் சாராயமாக்கவும் சங்கங்கள் ஏற்பாடு செய்தன.

கலப்படம்

மரங்கள் கொடுக்கும் அளவைவிடத் தேவை மிகும்போது கலப்படம் நுழைகிறது. கேரளத்தின் பல மாவட்டங்களில் இறக்குபவர்கள் குறைந்ததால், பாலக்காடு மாவட்டம் சிற்றூர் பகுதியின் தென்னந்தோப்புகளிலிருந்து கள் பிற மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. ஒருநாள் ஆயுள் கொண்ட பானம் நெடுந்தூரம் பயணிக்கும்போது, நீர் சேர்த்துப் பெருக்குவதற்கும் குறைந்த வேகத்தை வேறு பொருளால் ஈடுசெய்வதற்கும் வாய்ப்புண்டு. 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆந்திரம், தெலங்கானா பகுதிகளில் குளோரல் ஹைட்ரேட் என்னும் மயக்கமருந்து கலந்த கள் நீண்டகாலச் சிக்கலாக உள்ளது.

கேரள அரசு தென்னங்கள்ளில் ஆல்கஹால் 8.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என வரம்பு வைத்தது கலப்படத்தைக் கண்டறியும் வழிகளில் ஒன்று. ஆனால் வெயில் மிகுந்த நாளில் கள் தானாகவே வேகம் ஏறுவதால் வரம்பு குறித்து வழக்குகள் நடந்தன. கள்ளின் தூய்மைக்கு நம்பத்தக்க காப்பு, அது எந்த மரத்திலிருந்து இறங்கியது என்பது குடிப்பவருக்குத் தெரிந்திருப்பதே. சிறிய ஊர்க் கடையில் அது இயன்றது.

விவாதம்

கள்ளுக்கான தடையை நீக்கக் கோருபவர்கள் கள்ளை உணவாகக் கருதுகிறார்கள். செ. நல்லசாமி முன்னெடுக்கும் தமிழ்நாடு கள் இயக்கம் இதைத் தொடர்ந்து வலியுறுத்துகிறது. ஆலையில் செய்த மதுவை அரசே விற்கும்போது அதைவிட ஆல்கஹால் குறைந்த கள்ளை மட்டும் தடுப்பது முரண், கள்ளின் வருவாய் ஊரிலேயே தங்கும், பனையும் பனையேறியும் பிழைப்பார்கள் என்பவை அவர்களின் வாதங்கள்.

தடை தொடரவேண்டும் என்பவர்கள், மலிவான மது அன்றாடக் கூலியாளரின் வருமானத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறது என்பதைச் சுட்டுகிறார்கள். குடியால் அடியும் பசியும் அனுபவித்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். கலப்படத்தைத் தடுக்கும் வலுவான ஏற்பாடு இல்லாமல் கடைகளைத் திறப்பது உயிரிழப்புக்கு வழிவகுக்கும் என்ற அச்சமும் உள்ளது. கள்ளிறக்கும் தொழிலிலிருந்து வெளியேறிய குடும்பங்களில், அதற்குத் திரும்புவதைப் பின்னடைவாகக் கருதுபவர்களும் உண்டு.

இன்றைய நிலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனையேற்றம் மிகவும் குறைந்துவிட்டது. மேற்கு வட்டங்களில் ரப்பர் பரவியது. பனையேறிகளின் பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றனர். பனைகள் செங்கல் சூளைக்கு விறகாகவும் வீட்டுமனைகளுக்காகவும் வெட்டப்பட்டன. தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-ல் மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மார்த்தாண்டத்தில் 1977-ல் தொடங்கப்பட்ட பனைத் தொழிலாளர்களுக்கான அமைப்பான பி.டபிள்யு.டி.எஸ். தொழிலாளர்களை ஒருங்கிணைத்து வருகிறது.

மரம் இருந்தாலும் ஏற ஆளில்லை என்பதே இன்றைய முதன்மைச் சிக்கல். பாளை சீவும் திறன் சிறுவயதிலிருந்தே உடன் ஏறிப் பழகிப் பெறுவது. சில பனைகளை மட்டும் ஏறும் முதிய பனையேறிகளுடன் அது முடிந்துவிடும் நிலையில் உள்ளது. சட்டம் மாறிக் கடைகள் திறந்தாலும், அருகிலுள்ள விளையிலிருந்து அன்றாடம் கள் இறக்கித் தருபவர்கள் இல்லையென்றால் அவை கள்ளை வெளியிலிருந்து வரவழைக்கவேண்டியிருக்கும். கலப்படத்துக்கு இடம் கொடுத்தது அந்த வழிதான்.

இலக்கியத்தில்

ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964) கன்னியாகுமரி மாவட்டப் பனைவிளைகளின் பின்னணியில் எழுதப்பட்ட நாவல். விளை உடைமையாளர் வீட்டுப் பெண்ணான லிஸிக்கும் பனையேறி மகனான தங்கராஜுக்கும் இடையிலான உறவு அதன் மையம். ஒரே சமூகத்துக்குள் பனை உடையவருக்கும் பனை ஏறுபவருக்கும் இருந்த இடைவெளியை அது காட்டுகிறது. காட்சன் சாமுவேலின் பனைமரச் சாலை, பனையைத் தேடி மேற்கொண்ட நெடும்பயணத்தின் பதிவு.